தொண்டுக்குச் செல்வோருக்கு மொழிப்பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

திருச்சபைகளின் சமூக அபிவிருத்திப் பணிக்காக வெளிநாடு சென்று, ஆண்டுக்கணக்கில் தங்கித் தொண்டாற்ற எங்கள் இளைஞர் முன்வருவது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. அவர்களை அனுப்பும் சபைகள், விசாவுக்குக் காட்டும் அக்கறையை அந்நாட்டு மொழியைக் கற்பிப்பதிலும் காட்ட வேண்டும். 1847 இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் எங்கள் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் பயிற்றுவித்ததனால்தான், 1873 இல் அவர் நாடு திரும்பிய பின்பும் வைத்தியம் பார்க்க இங்கு ஆட்கள் இருந்தார்கள். கட்டடமொன்றை எழுப்பிவிட்டு வருவதைக் காட்டிலும், அவ்வூரவர் இருவருக்கேனும் தொழிலறிவைக் கையளித்து வருவதே பெரிது என்பது என் உறுதியான எண்ணம். புறப்படுமுன் ஆறு மாத மொழிப்பயிற்சியைச் சபைகள் கட்டாயமாக்க வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர், மானிப்பாய்