இராமநாதபுரம் கடலோரத்தின் மொத்தச் சுமையைக் கணக்கெடுங்கள்

தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாக வாலிநோக்கம் வரை நீளும் எங்கள் கடலோரத்தில் விடுதி கட்டவும் இறால் பண்ணை அமைக்கவும் விண்ணப்பங்கள் வருகின்றன. பண்ணையைப் பதிவு செய்வது ஓர் ஆணையம், கட்டடத்தைப் பார்ப்பது மற்றொன்று, குடிநீர் வழங்குவது வேறொரு வாரியம். ஒவ்வொரு கோப்பிலும் பாதிப்பு சிறிதாகவே தெரியலாம். ஆனால் எல்லாம் சேர்ந்து இறங்குவது ஒரே மணல்திட்டின் நன்னீர் மீதும், ஒரே ஆழங்குறைந்த கடல் மீதும்தான். அந்த மொத்தச் சுமையைக் கணக்கெடுக்காமல் இனி எந்தத் திட்டத்துக்கும் பரிந்துரை வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், குழாயில் நீர் வராத நாள்களில் எங்கள் பெண்கள் ஊற்றைத்தான் நாடுகிறார்கள். மணலில் குழி தோண்டி, அடியில் கசியும் நீரைக் கலங்காமல் சிரட்டையால் மொண்டு, குடத்தின் வாயில் துணி கட்டி வடித்து, நிரம்பிய குடங்களைத் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டு செல்கிறார்கள். சற்று ஆழம் போனாலும் நீர் கரித்துவிடும் என்பதை அறிந்து அளவோடுதான் தோண்டுவார்கள். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதப்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அப்படியானால், மேலே 1 அடி குறையும்போது, காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவிடும். பத்துப் பேர் மோட்டார் வைத்து இறைக்கும்போது யாருடைய மோட்டாரால் ஊற்று கெட்டது என்று எவராலும் காட்ட முடியாது.

இறால் பண்ணைகளிலும் இதே கதைதான். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டுமானத்துக்கும் தொழில்களுக்கும் கட்டுப்பாடுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுவழி, மேம்பட்ட மரபுவழி வளர்ப்பைத் தவிர வேறு இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர், 2005 ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்து, கடல் ஏறிவரும் எல்லையான அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் பண்ணைகளுக்கு இடமளித்தது. குளத்தில் தேங்கும் உவர்நீர் தரையில் இறங்கினால் பக்கத்துக் கிணறு கரிக்கும்; அறுவடைக்குப் பின் திறந்துவிடப்படும் நீர், தீவனக் கழிவோடு ஓடை வழியாகக் கடலில் கலக்கும். அங்கே கடற்புல் தழைக்க வெளிச்சம் வேண்டும். கலங்கிய நீரில் அது பட்டுப்போனால் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு மேய்ச்சல் இல்லை, குஞ்சு மீன்களுக்கு ஒதுங்க இடமில்லை, வல்லம் என்னும் படகில் மீன்பிடிக்கும் வல்லக்காரருக்கு வலையில் மீன்பாடும் இல்லை.

தனித்தனியாக எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மன்னார் வளைகுடா கண்டிருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் படகு படகாக வெட்டியெடுத்ததும் மண் அரிப்பும் சேர்ந்து, 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டையும் கடலுக்குள் ஆழ்த்தின. 1986 இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் பல்லாண்டுகள் அந்தக் கொள்ளை நிற்கவில்லை.

மக்கள்தொகையைக் கணக்கிடும் முறையும் என்னைக் கவலைப்படுத்துகிறது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடலோரத்தில், கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்க 2019 ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வழிசெய்கிறது. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில்தானே ஊற்றுக்குப் பாதுகாப்பு கூடுதலாக வேண்டும்? அதுமட்டுமல்ல. அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி, கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராட இராமேசுவரம் வரும் அடியார்கள் உள்ளூர் மக்கள்தொகைக் கணக்கில் சேர்வதில்லை. அவர்கள் குடிக்கும் நீரும் விட்டுச் செல்லும் கழிவும் அந்தச் சிறிய தீவுக்குத்தான். அவர்களை வரவேற்பது எங்கள் கடமை. அவர்களையும் கணக்கில் சேர்ப்பது உங்கள் கடமை.

ஆகவே, தொண்டி முதல் வாலிநோக்கம் வரையிலான பண்ணைகள், விடுதிகள், ஆழ்துளைக் கிணறுகள், கழிவுநீர் வாய்க்கால்கள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் ஊற்றுகளிலும் கிணறுகளிலும் உப்பின் அளவை எடுத்து, ஊராட்சி அலுவலக வாசலில் தமிழில் ஒட்ட ஏற்பாடு செய்யுங்கள். கிராம சபையில் அதை வைத்து, தண்ணீர் எடுக்கும் பெண்களிடமும் வல்லக்காரரிடமும் கருத்துக் கேளுங்கள். இவை முடியும் வரை புதிய விண்ணப்பங்களை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோரத்தில் வாழும் ஒரு குடிமகன்