முதுகுல ஊசின்னதும் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மூளையைத் தின்னும் அமீபா பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி நியூஸ் வருது, 2024-ல நெய்யாற்றின்கரை பக்கம் அந்தக் காய்ச்சல் வந்ததுலருந்தே நம்ம குமரி மாவட்டத்துல பயம் கூடிப்போச்சு, களியக்காவிளை தாண்டினா அந்த ஊருதானே. பயம் சரிதான். ஆனா அது மூக்கு வழியா தண்ணி ஏறினாத்தான் வரும், குடிச்சா வராது, குளச்சல் கடல்ல குளிச்சாலும் வராது, ரொம்ப அபூர்வமும் கூட. அதைவிட சாதாரணமா வர்ற மெனிஞ்சைட்டிஸ் பத்தி யாரும் எழுத மாட்டேங்கிறாங்க, அதான் இந்த லெட்டர்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி மூணு அடுக்கு ஜவ்வு இருக்கு, அதுல அழற்சி வந்து வீங்குறதாக்கும் மெனிஞ்சைட்டிஸ். வைரஸால வர்றது நிறைய, அது பெரும்பாலும் தானே சரியாயிரும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் மாதிரி பாக்டீரியாவால வந்தா ஒரே நாள்ல ஆளை முடிச்சிரும். டிபி கிருமி மெதுவா, வாரக்கணக்குல படுத்தும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு பூஞ்சையால வரும். மழைக்கு மதில்ல ஊருதே ஆப்பிரிக்க நத்தை, அதுல இருக்க ஒரு புழுவால கூட வரும், அதை கையால எடுத்து விளையாடுற பிள்ளைகளை கொஞ்சம் அதட்டி வையுங்க.

எது காரணம்னு வெளியில பாத்து சொல்ல முடியாது. எல்லாத்துக்கும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டா கூச்சம். கைக்குழந்தைக்கு கழுத்து விறைக்காமலே கூட இருக்கும், பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும், அழாம இருக்கும்போதே உச்சிக்குழி புடைச்சு நிக்கும்.

நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்த்தவன். காரணத்தைக் கண்டுபிடிக்க முதுகுல ஊசி போட்டு எடுக்கிற முதுகுத் தண்டு நீர் டியூப்ல வந்ததும் முதல்ல வெளிச்சத்துல தூக்கிப் பாப்போம், நல்ல நீர்னா பச்சத்தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், பாக்டீரியான்னா கலங்கி வரும், டிபின்னா கொஞ்ச நேரம் அசையாம வச்சா மெல்லிசா ஒரு வலை கட்டும். அதுல உள்ள சுகர் ரத்த சுகர்ல சுமார் மூணுல ரெண்டு பங்கு இருக்கணும், பாக்டீரியா வந்தா அது நல்லா இறங்கிரும். அமீபா சந்தேகம்னா சாம்பிளை ஃப்ரிட்ஜ்ல வைக்கப்படாது, உடனே மைக்ராஸ்கோப்ல பாத்தா அது நகருறது தெரியும். இவ்வளவு விஷயம் அந்த ரெண்டு மூணு மில்லி தண்ணியில இருக்கு.

ஆனா வார்டுல நடக்கிறது என்ன? "முதுகுல குத்தினா பிள்ளைக்கு கால் விளங்காது"ன்னு ஒரு அம்மச்சி சொன்னா போதும், மொத்த குடும்பமும் கையெழுத்து போட்டுட்டு வேற ஆஸ்பத்திரிக்கு கிளம்பிரும், பொன்னான நேரம் வண்டியிலேயே போயிரும். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிஞ்சிருது ஐயா, ஊசி போடுறது அதுக்கும் கீழ. எடுத்த நீர் கொஞ்ச நேரத்துல உடம்புலயே ஊறிரும், ஒரு நாளைக்கு அரை லிட்டர் கிட்ட ஊறுறதுதானே. சிலருக்கு ரெண்டு மூணு நாள் தலைவலி இருக்கும், அவ்வளவுதான். வலிப்பு, நினைவு தப்பினது இருந்தா டாக்டரே முதல்ல ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாரு, அதுவரைக்கும் ஆன்டிபயாட்டிக் ஊசியை நிறுத்தி வைக்க மாட்டாங்க. மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கின ஆன்டிபயாட்டிக்கை ரெண்டு நாள் குடுத்துட்டு வந்தா லேப்ல கிருமியை வளர்த்துப் பாக்குற கல்ச்சர் டெஸ்ட்ல அது வளராம போக வாய்ப்பு அதிகம், அப்புறம் லேப்காரனை திட்டி என்ன பிரயோஜனம்.

தடுப்பூசியும் இருக்கு. ஹிப்புக்கு 2011 கடைசியிலருந்தே தமிழ்நாட்டுல இலவசம், அஞ்சு நோய்க்கு ஒரே ஊசியா போடுற பென்டாவேலன்ட்ல அது உண்டு, 6, 10, 14 வாரத்துல போடுவாங்க. நிமோகாக்கஸுக்கு பிசிவிங்கிற தடுப்பூசி 2021-ல வந்தது, 6 வாரம், 14 வாரம், 9 மாசம். அட்டையை எடுத்து விட்டுப்போனது உண்டான்னு பாருங்க.

உங்க பேப்பர்ல அமீபாவுக்கு குடுத்த இடத்துல பாதியை இந்த முதுகு ஊசி டெஸ்ட்டுக்கு குடுங்க, ஒரு படத்தோட போட்டா அம்மச்சிமாரும் நம்புவாங்க. இந்த நோய் வந்து பிழைச்ச பிள்ளைகளுக்கு காது கேக்காம போறது உண்டு, டிஸ்சார்ஜ் ஆனதும் காது டெஸ்ட் எடுக்கணும்னும் அதுலயே சேர்த்து போடுங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு லேப் டெக்னீஷியன்,
தக்கலை