ஐந்தாம் வார்த்தையை நான் எடுக்கவில்லை, அக்கா

அக்கா,

நேற்று ஆயருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். ஏப்ரல் 3, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவோமே, அதில் எனக்கு எந்த வார்த்தையும் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று. அவர் ஏன் என்று கேட்கவில்லை. நீ கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதை ஏன் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்றும் கேட்பாய். போன வருடம் நீ சொன்னதையும் எல்லாரும் கேட்டார்கள். சபையில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றியும் வீட்டு விஷயத்தைப் பற்றியும் இங்கே ஒரு வரிகூட எழுதமாட்டேன். அது நம் இருவரோடு இருக்கட்டும்.

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளியன்று, ஐந்தாம் வார்த்தை என்னுடையது. அன்று கோயிலுக்குள் நடந்தது உனக்குத் தெரியும். வெளியே நடந்தது தெரியாது. நான்காம் வார்த்தை முடிந்து பாட்டு போய்க்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஆன்-காலில், அதாவது அலுவலகத்தின் அவசர அழைப்பைப் பார்க்கும் முறையில், இருக்கிறவன் பதினைந்து நிமிடத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அழைப்பு மேலே போய்விடும். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் எழுந்தேன். ஞாயிறு பள்ளி அறைக்கு வெளியே, தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு சர்வர் விழுந்திருந்தது. அதை எழுப்பினால் இன்னொன்று விழுந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆயர் என் பெயரைச் சொன்னது உதட்டசைவிலேயே தெரிந்தது. நீ கதவு வரைக்கும் வந்தாய். ஐந்து விரலை விரித்துக் காட்டினேன், ஐந்து நிமிடம் என்று. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, லேப்டாப்பைப் பார்த்தாய். திரும்பிப் போனாய்.

ஹெட்போனைக் கழற்றினபோது ஒலிபெருக்கியில் உன் குரல் வந்துகொண்டிருந்தது. "என் தம்பிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். உலக வேலை அவனை ரொம்ப இழுக்கிறது."

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஒரு குறிப்பும் கையில் இல்லாமல் நீ அத்தனை பேர் முன்னால் போய் நின்றாய். உன் குரல் நடுங்கியதை நான் கேட்டேன். அதற்கு நான்தான் காரணம். ஆனால் அக்கா, என்னை ஒரு ஜெபக்குறிப்பாக்க உனக்கு எப்படி மனசு வந்தது? ஆராதனை முடிந்து கஞ்சி வரிசையில் நின்றபோது நாலைந்து பேர் என் தோளைத் தட்டி, "ஜெபிக்கிறோம் தம்பி" என்றார்கள். கிண்ணத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அத்தானிடம் வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

இன்னொன்று. அந்த நீண்ட வாரயிறுதி முழுக்க ஆன்-கால் என் தலையில் எப்படி விழுந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. டிசம்பரில் வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை என்றாய். மூன்று இரவு வந்தேன். அந்த மூன்று இரவு ஆன்-காலை அலுவலகத்தில் இன்னொருவர் எனக்காகப் பார்த்தார். அந்தக் கடனைத்தான் ஏப்ரலில் அடைத்தேன். இதைச் சொல்வது குற்றத்தை உன் மேல் தள்ளுவதுபோல் இருக்கிறது. கொஞ்சம் தள்ளத்தான் செய்கிறேன். முடியாது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது என் தப்பு.

அன்று நான் பேச எழுதி வைத்திருந்ததை யாரும் கேட்கவில்லை. இப்போது நீ கேள்.

"தாகமாயிருக்கிறேன்" என்பதை நான்கு சுவிசேஷங்களில் யோவான் மட்டும்தான் எழுதியிருக்கிறார். அதே யோவான் நான்காம் அதிகாரத்திலும் ஆண்டவர் தண்ணீர் கேட்கிறார், சமாரியாவில், யாக்கோபின் கிணற்றருகே. நடந்து வந்த களைப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஏறக்குறைய ஆறாம் மணி வேளை என்று இருக்கிறது, அதாவது நம் மும்மணி ஆராதனை தொடங்குகிற அதே நண்பகல். சீஷர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். அவர்களோடு அவரும் ஓடவில்லை. களைத்துப்போனவர் உட்கார்ந்தார், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தாகத்துக்குக் கேட்டார். சிலுவையிலும் கேட்டார், காடியில் தோய்த்த கடற்காளானைத்தான், அந்தக் கடற்பஞ்சைத்தான், நீட்டினார்கள். எனக்குத் தாகம் என்று வாய்விட்டுச் சொல்ல தேவகுமாரனே கூச்சப்படவில்லையே, நாம் ஏன் எல்லாம் நிரம்பியிருப்பதுபோல் நடக்கிறோம் என்று கேட்பதாக இருந்தேன்.

ஏனென்றால் நான் அப்போது வறண்டுபோயிருந்தேன், அக்கா. வேதாகமச் செயலி 140 நாள் விடாமல் வாசித்திருக்கிறேன் என்று காட்டியது. இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குவதற்குள் அன்றைய அதிகாரத்தைத் தள்ளிவிடுவேன். நடுவில் அலுவலகக் குறுஞ்செய்தி பத்து வரும். என்ன வாசித்தாய் என்று இறங்கும்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு, அப்புறம் கூட்டம், அப்புறம் சாப்பாட்டு ஏற்பாடு. ஆறு மாதமாக ஒரு பிரசங்கத்தைக்கூட முழுசாகக் கேட்டதில்லை.

உலக வேலை இழுக்கிறது என்றாயே. சபை வேலையும் இழுத்தது. செவ்வாய் பெண்கள் ஐக்கியம், வெள்ளி வீட்டு ஜெபம், சனி பாடகர் பயிற்சி என்று ஓடுகிற உனக்கு... சரி, அதைப் பற்றி நான் எழுதக் கூடாது. உனக்கும் தாகமா என்று எப்போதாவது தனியாகக் கேட்கிறேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். மாற்கு முதலாம் அதிகாரத்தில், ஊரே வாசலில் வந்து கூடின மறுநாள் காலை, ஆண்டவர் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போகிறார். இங்கே ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது, அதனால் இருட்டோடே எழுவது பெரிய சாதனை இல்லை. ஆறு மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறங்கி அந்தக் கல்மேசையில் உட்காருகிறேன். போன் மேலே வீட்டில். கையில் அம்மாவின் வேதாகமம். சில நாள் நாலு வசனம், சில நாள் ஒன்று. கூட்டுகிற அண்ணனின் துடைப்பச் சத்தம் மட்டும் கேட்கும். சங்கீதம் 121-க்குப் பக்கத்தில் பென்சிலில் உன் பெயரும் என் பெயரும் இருக்கிறது. பரீட்சைக் காலங்களில் என்னை உட்கார வைத்து அதை மனப்பாடம் பண்ண வைத்தவள் நீ. ஒரு வார்த்தை தப்பினாலும் முதலிலிருந்து சொல்ல வைப்பாய். இப்போதும் அது உன் குரலில்தான் எனக்குள் ஓடுகிறது.

கீபோர்டை விடவில்லை. மாதம் இரண்டு ஞாயிறு வாசிக்கிறேன், மற்ற இரண்டு ஞாயிறு பெஞ்சில் உட்காருகிறேன். ஆயரிடம் இதையும் சொல்லிவிட்டேன். கேரல் ரவுண்ட்ஸுக்கு ஒரு இரவுதான் வருவேன்.

உன் பட்டியலில் ஐந்தாம் வார்த்தைக்கு எதிரே என் பெயரை எழுதியிருந்தால் அடித்துவிடு. பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிடுவேன். இந்த முறை ஆன்-கால் இல்லை, இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டு மாற்றிக்கொண்டேன். அம்மா வழக்கமாக உட்கார்ந்த வரிசையில் எனக்கு ஓர் இடம் போட்டு வை. வெந்நீர்ப் போத்தல் நான் கொண்டுவருகிறேன், பாட ஆரம்பித்தால் உனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

தம்பி