பட்டியலைப் பாடமாக்கினால் ஆங்கிலம் வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தர மாணவர்களுக்காக உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த ஆங்கில இலக்கணப் பட்டியலைப் பார்த்தேன். 'டு' சேர்த்து எழுத வேண்டிய வினைகள் ஒரு பக்கம், 'இங்' சேர்க்க வேண்டியவை மறுபக்கம். வன்னியில் புத்தகக் கடை தேடிப் போவதென்றால் பஸ் ஏற வேண்டும். பத்திரிகை மட்டும் சந்திக் கடைக்கே வந்துவிடுகிறது. அதனால் நீங்கள் போடுவதைப் பிள்ளைகள் வெட்டிக் கொப்பியில் ஒட்டி, வேதவாக்காக வைத்துப் படிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் குறை காண எனக்கு ஆசையில்லை. ஆனால் அதை எப்படிப் படிப்பது என்று நீங்கள் ஒரு வரியும் சொல்லவில்லை. கீழே போட்டிருந்த குறிப்போ பிழையானது.

முதலில் பட்டியல். நம் பிள்ளைகள் 'ஐ என்ஜோய் டு ரீட்' என்று எழுதுவதைக் கவனயீனம் என்று சொல்லிவிட முடியாது. தமிழில் பாட விரும்பினாள், பாட மறுத்தாள், பாட விட்டார்கள், பாடச் செய்தார்கள், பாடக் கேட்டேன், பாடப் பிடிக்கும் என்று எல்லாவற்றுக்கும் 'பாட' ஒன்றே போதும். நன்னூல் 'செய' என்று வாய்பாடு சொல்லும் அதே எச்சம். ஆங்கிலம் இந்த வேலையை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறது. விரும்பினாலும் மறுத்தாலும் 'டு சிங்'. விட்டாலும், செய்யவைத்தாலும், கேட்டாலும் வெறும் 'சிங்'. பிடிக்கும் என்று 'என்ஜோய்' போட்டால் 'சிங்கிங்'. 'பாட'வுக்கு 'டு சிங்' என்று ஒரு முறை பதிந்துவிட்டால் 'தே மேட் ஹேர் டு சிங்' தானாக வந்து விழும். அதில் 'டு' கூடாது என்று அடித்துத் திருத்துகிறோம். அடுத்த மாதம் செயப்பாட்டு வினை வருகிறது. அங்கே 'வீ வேர் மேட் டு வெயிட்' என்று அதே 'டு' திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது! பிள்ளைக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, இரண்டு பக்கமும் நிற்கக்கூடிய வினைகளை உங்கள் பட்டியல் 'இரண்டும் சரி' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. 'பிகின்' என்றால் சரி, எப்படி எழுதினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 'ஸ்டொப்', 'ரிமெம்பர்', 'ஃபொகெட்' மூன்றும் அப்படியல்ல. மாங்குளம் சந்தியில் மினிபஸ்காரர் 'ஸ்டொப்ட் டு டோக்' என்றால் கதைப்பதற்காக நின்றார். 'ஸ்டொப்ட் டோக்கிங்' என்றால் கதையை நிறுத்தினார். முதலாவதில் பஸ் நிற்கிறது, இரண்டாவதில் வாய் நிற்கிறது.

தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நான் இதைக் குளத்துத் தண்ணீரைத் திறந்து பூட்டும் துருசை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பேன். 'துருசைப் பூட்ட மறந்தேன்' என்று ஒருவர் சொன்னால் என்ன நடந்திருக்கும்? தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் என்று வகுப்பே சொல்லும். 'துருசைப் பூட்டியதை மறந்தேன்' என்றால்? பூட்டித்தான் இருக்கிறது, அந்த ஆளுக்குத்தான் ஞாபகமில்லை. அவ்வளவுதான் பாடம். 'பூட்ட' என்பதற்கு 'டு குளோஸ்', 'பூட்டியதை' என்பதற்கு 'குளோசிங்'. இந்த வித்தியாசத்தைத் தாய்மொழியில் வைத்துக்கொண்டே வரும் பிள்ளையிடம் அதைக் கேட்காமல், ஏன் பட்டியலை நீட்டுகிறோம்?

பட்டியல் காலை வாரும் இடம் இன்னும் ஒன்று உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் கடிதத்தின் கடைசியில் 'லுக்கிங் ஃபோர்வேர்ட் டு ஹியர்' என்று முடிக்கிறார்கள். 'டு' வந்தால் வினையடியைத்தான் போட வேண்டும் என்று படித்ததன் பலன். அங்கே வருவது வேறு 'டு', பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் முன்னிடைச்சொல். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபோர்வேர்ட் டு யுவர் ரிப்ளை' நிற்கும், ஆகவே 'ஹியரிங்'. 'வோன்ட் டு யுவர் ரிப்ளை' நிற்காது, ஆகவே 'வோன்ட் டு ஹியர்'. 'யூஸ்ட் டு' சோடியையும் இதோடு சேர்த்துப் படிப்பிக்கலாம். 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் எ டென்ட்' என்றால் முன்பு கூடாரத்தில் இருந்தேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் எ டென்ட்' என்றால் கூடார வாழ்க்கை பழகிவிட்டது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சரி, அந்தக் குறிப்புக்கு வருகிறேன். 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் வினையடையை, அதாவது 'இமீடியட்லி' (உடனே) போன்ற சொல்லை, ஒருபோதும் நுழைக்கக் கூடாது என்று போட்டிருந்தீர்கள். ஆங்கிலேயர் 14ஆம் நூற்றாண்டிலேயே அப்படி எழுதியிருக்கிறார்கள். கூடாது என்ற பேச்சு பெருத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1864இல் கன்ரபரி தேவாலயத் தலைமைக் குரு ஹென்றி அல்ஃபோர்ட் அதைக் கண்டித்து எழுதினார். லத்தீனில் இந்த எச்சம் ஒரே சொல், பிளக்க முடியாது, அதனால் ஆங்கிலத்திலும் பிளக்கக் கூடாது என்று பின்னால் வந்தவர்கள் நியாயம் சொன்னார்கள். 1926இல் ஃபௌலர் என்ற அகராதிக்காரர் இந்த விஷயத்தில் ஆங்கிலம் பேசுவோரை ஐந்து கூட்டமாகப் பிரித்து நன்றாகக் கிண்டலடித்தார். அதில் ஒரு கூட்டம், அது என்னவென்றே தெரியாமல் அதைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறவர்கள். லண்டன் 'எக்கனொமிஸ்ட்' இதழே 2018இல் தன் நடைக் கையேட்டில் இந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. நாங்கள் இன்னும் காவல் காக்கிறோம்.

வெறும் வரலாறு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதனால் விஷயமே மாறிப்போகிறது. எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்குக் குளக்கட்டு பற்றி ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. அவர்கள் 'அக்ரீட் இமீடியட்லி டு ரிப்பெயர்' என்றிருந்தது. உடனே திருத்துவார்கள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். மாரி வந்து போயிற்று, ஒரு லோட் மண்ணும் வரவில்லை. போய்க் கேட்டால், உடனே சம்மதித்தோம் என்றுதான் எழுதினோம், உடனே திருத்துவோம் என்று எழுதவில்லையே என்று விளக்கம். கெட்டித்தனம்தான், ஆனால் இலக்கணப்படி அவர்கள் சொன்னதில் பிழையில்லை. 'இமீடியட்லி அக்ரீட்' என்றால் சம்மதம்தான் உடனடி. நடுவில் நின்றால் முன்னாலும் ஒட்டும், பின்னாலும் ஒட்டும். கடைசியில் தள்ளினால் திருத்தம் உடனடி என்று பெரும்பாலும் விளங்கும், வசனம் நீண்டுவிட்டால் அதுவும் கலங்கும். சந்தேகமே வராத இடம் 'அக்ரீட் டு இமீடியட்லி ரிப்பெயர்'. நீங்கள் தடை செய்ததும் அந்த இடத்தைத்தான்.

தமிழிலும் 'உடனே திருத்தச் சம்மதித்தார்கள்' என்பது இரண்டு பக்கமும் சாயும். 'திருத்த உடனே சம்மதித்தார்கள்' என்றால் சாயாது. இப்படி வைத்துக் காட்டினால் வினையடை எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள்.

'டூ', 'டு' சோடியையும் உங்கள் பக்கம் தொடவில்லை. பூநகரியில் சில கிணறுகளின் தண்ணீர் 'டூ சோல்ட்டி டு டிரிங்க்' என்றால் குடிக்க முடியாத அளவுக்கு உப்பு. ஆனால் வசனத்தில் 'நொட்' இல்லாததால் குடிக்கலாம் என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். 'டூ'வுக்குள்ளேயே 'முடியாது' இருக்கிறது என்று ஒரு வரி போட்டால் போதும்.

உயர்தரத்தில் பொது ஆங்கிலப் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் வராது. அதனால் அதற்குப் பிறகு இதையெல்லாம் யாரும் திருப்பிப் படிப்பதில்லை. அப்புறம் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்திலோ போய் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க உட்காருகிறார்கள். ஆகவே சாதாரண தரத்துக்கு நீங்கள் ஒதுக்கும் அந்த அரைப் பக்கம் சின்ன விஷயமில்லை.

அந்தக் குறிப்பைச் சோதனைக்கு முன் திருத்திப் போடுங்கள். பட்டியலுக்குப் பதிலாக வாரம் ஒரு சோடி வசனம் போட்டால் நல்லது. வேண்டுமென்றால் நான் எழுதி அனுப்புகிறேன். கையெழுத்தில்தான் அனுப்புவேன், தட்டச்சு எனக்கு வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.