முருகையாவுக்கு ஒரு கணக்கு

மேடவாக்கம், சென்னை
14 ஜூன் 2025, சனிக்கிழமை

அன்புள்ள முருகையா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மதினியும் நலம்தானே? மதினியின் முழங்கால் அறுவைக்குப் பிறகு அடிக்கடி போன் செய்கிறேன் என்று வாய்கிழியச் சொன்னவன், ஐந்து மாதமாக வாயைத் திறக்கவில்லை. வசவை மொத்தமாக நேரில் வாங்கிக்கொள்கிறேன். அங்கே சாரல் விழத் தொடங்கியிருக்கும். இங்கே கத்திரி முடிந்து இரண்டு வாரத்துக்குமேல் ஆகியும் வெயில் முடிந்தபாடில்லை. உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம் இல்லை. ஊர்க்கதை போதும்.

பேரன் கதிரை விடுதியில் சேர்க்கப் போகிறார்கள்.

நீ நினைப்பதுபோல் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இல்லை. இதோ, கோவளத்தைத் தாண்டி. இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பகலில் வந்து போகிற பிள்ளைகளும் உண்டு, தங்கிப் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒரு சர்வதேசப் பள்ளி. இவன் ஞாயிறு மாலை போய் வெள்ளி மாலை வருவானாம். அதற்கு வாராந்திர விடுதி என்று பெயர். வாராந்திரச் சந்தை தெரியும், வாராந்திர ராசிபலன் தெரியும், இது எனக்குப் புதிது.

போன மாதக் கடைசியில் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். சண்டை போடுவது என்று முடிவு செய்து, பழைய ஆடிட்டர் ஆபீஸ் வழக்கப்படி ஒரு நோட்டும் பேனாவுமாகப் போனேன். உன்னிடம் மறைப்பானேன், குறை ஒன்றும் அகப்படவில்லை. ஓர் அறைக்கு நான்கு கட்டில். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு அலமாரி. குளியலறையில் ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்த்தேன்; எல்லாவற்றிலும் தண்ணீர் வந்தது, இரண்டில் வெந்நீரே வந்தது. கூட வந்த பெண் என்னைப் பிளம்பர் என்று நினைத்திருப்பாள். சமையற்கூடத்தில் ஈ இல்லை. நாம் படித்த பாளையங்கோட்டை விடுதியில் நீ தட்டைக் கவிழ்த்துக் காட்டுவாயே, அந்தக் கோதுமை உப்புமாவை நினைத்துக்கொண்டேன். இங்கே காலை உணவுக்கு நான்கு வகை. அதில் ஒன்று கோதுமை ரவை உப்புமா! சத்தான உணவு என்று பக்கத்தில் பச்சை இலை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஓர் அம்மையார் பாடத்திட்டத்தை விளக்கினார். ஐ.பி. என்கிறார்கள், இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்பதன் சுருக்கம். 1968இல் ஜெனீவாவில் ஆரம்பித்தது. அடிக்கடி நாடு மாறுகிற அதிகாரிகளின் பிள்ளைகள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் செல்லுபடியாகிற சான்றிதழ் ஒன்று வேண்டும் என்று உண்டாக்கினார்களாம். கதிரின் அப்பனை, என் பெரியவனைத் திரும்பிப் பார்த்தேன். அவனுக்கு இதுவரை ஆன மாறுதல் பெருங்குடியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு.

கடைசி இரண்டு வருடத்தில் ஆறு பாடம். பாடத்துக்கு ஏழு புள்ளி வீதம் நாற்பத்திரண்டு. நாலாயிரம் சொல்லுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை, அறிவு என்றால் என்ன என்று யோசிக்க ஒரு பாடம், இரண்டுக்கும் சேர்த்து மூன்று. ஆக நாற்பத்தைந்து. கூட்டல் சரியாக வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். அறிவு என்றால் என்ன என்று நம்மை யாரும் கேட்டதில்லை. 'உனக்கு அறிவிருக்கிறதா' என்றுதான் கேட்டிருக்கிறார்கள், அதுவும் பிரம்போடு.

மருமகளுக்குப் பிள்ளையை டாக்டராக்க ஆசை. ஆறு பாடத்தில் இரண்டு மொழி, ஒரு சமூகப் பாடம், கணிதம் என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். வழக்கமான வழியில் போனால் அறிவியல் இரண்டுதான் அடங்கும். இங்கே மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டுமே என்றேன். தனி அனுமதி வாங்கி மூன்றாவதைச் சேர்க்க வழி உண்டு என்றார் அம்மையார். நீட் பயிற்சி வேறு தனி. மே மாதத் தேர்வுக்கு முடிவு ஜூலையில் வரும். அதற்குள் நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் சேர்க்கை தொடங்கியிருக்கும். இதையெல்லாம் நான் கேட்கக் கேட்க, அவன் வெளிநாட்டுக்குத்தானே போகப் போகிறான் என்று பெரியவன் முடித்துவிட்டான். பையனுக்குப் பத்து வயது. இப்போதே விமானத்தில் ஏற்றிவிட்டான்.

தமிழ் வாத்தியாரே, உன் கேள்வி எனக்குத் தெரியும். தமிழ் இருக்கிறது. இவனுக்கான வகுப்பில் நான்கு பேர், பிரெஞ்சு வகுப்பில் இருபது பேர். உனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதால் இதற்குமேல் சொல்லவில்லை.

இனிக் கட்டணம். வழவழப்பான தாளில் கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சடித்துக் கொடுத்தார்கள். பகல் மாணவனுக்கு ஆண்டுக்கு 5,60,000. வாராந்திர விடுதி மாணவனுக்கு எல்லாம் சேர்த்து 9,00,000. இது போகச் சேர்க்கைக் கட்டணம் 1,50,000, அது திரும்பி வராது. காஷன் டெபாசிட் 1,00,000, அது திரும்பி வரும், வட்டி வராது. ஆக முதல் வருடம் வாசலை மிதிக்கவே பதினொன்றரை லட்சம். சீருடை, சுற்றுலா, வெளித்தேர்வுக் கட்டணம் எல்லாம் 'அவ்வப்போது உள்ளபடி'. முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், ஒரு தாளில் எனக்குப் பயம் தருகிற சொல் 'உள்ளபடி'தான்.

அடியில் பொடி எழுத்தில், ஆண்டுதோறும் பத்து சதவீதம் வரை உயரலாம் என்று போட்டிருக்கிறது. அன்று இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம். பத்து சதவீதம் ஏறிக்கொண்டே போனால் கடைசி வருடம் மட்டும் பதினாறு லட்சத்தைத் தொடுகிறது; ஏழு வருடத்துக்கும் சேர்த்து எண்பத்தைந்து லட்சம். கூடுவாஞ்சேரி மனைக்கு நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டாயே, அதை இன்று விற்றால் இதில் பாதி தேறும்.

வருமான வரியில் ஏதாவது மிச்சமாகுமா என்றும் பார்த்தேன், தொழில் புத்தி. பழைய வரிமுறையில் டியூஷன் கட்டணத்துக்கு 80சி பிரிவில் கழிவு உண்டு, பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து உச்சவரம்பு ஒன்றரை லட்சம். சேர்க்கைக்கு, விடுதிக்கு, சாப்பாட்டுக்கு அதில் இடமில்லை. கம்பெனி விடுதிப்படி (ஹாஸ்டல் அலவன்ஸ்) கொடுத்தால் அதில் ஒரு பிள்ளைக்கு மாதம் 300 ரூபாய்க்கு விலக்கு. முன்னூறு! நம் விடுதியில் மாதம் முப்பத்தைந்து ரூபாய் கட்டினோம், அதையும் உன் அப்பா இரண்டு தவணையாகக் கட்டுவார். அந்தக் காலத்தில் அந்த 300 ராஜபோகம். பெரியவனோ புதிய வரிமுறைக்குப் போய்விட்டான். அவனுக்கு அந்த முன்னூறும் கிடையாது.

'பணம் அவன் சம்பாதிப்பது, உனக்கென்னடா வயிற்றெரிச்சல்' என்பாய். சரி. பணத்தை விடு, என் எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் 1858இல் விடுதிப் பள்ளி வைத்தார்கள். யாருக்கு? வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு, அவர்களில் அநாதைகளானவர்களுக்கு. கொடைக்கானலில் 1901இல் வைத்தார்கள். அது வெயிலில் ஊர் ஊராக வேலை பார்த்த மிஷனரிகளின் பிள்ளைகளுக்கு. நம்மைப் பாளையங்கோட்டையில் கொண்டுபோய் விட்டதற்குக் காரணம், நம் ஊரில் ஐந்தாம் வகுப்புக்குமேல் பள்ளி இல்லை. விடுதி என்றால் வீட்டில் ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம். இந்தப் பையன் வீட்டில் என்ன இல்லை? அப்பா அம்மா இருவரும் இரவு எட்டரைக்கு வருகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். நான் இருக்கிறேனே? நான்கு மணிக்கு அழைத்து வந்து, தோசை வார்த்துக் கொடுத்து, வீட்டுப்பாடம் பார்த்து, கேரம் ஆடித் தோற்று, தூங்கவைக்கிற வரைக்கும் ஒரு முழு ஆள் இருக்கிறேனே!

அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். ஒன்பது லட்சத்தில் பகல் கட்டணத்தைக் கழித்தால் 3,40,000. தங்கவைத்துப் பார்த்துக்கொள்வதன் விலை அது. அதாவது என் விலை. கொஞ்ச நேரம் பெருமையாகவே இருந்தது. பிறகுதான் பகல் மாணவனுக்கு வேன் கட்டணம் 95,000 உண்டு என்பது கண்ணில் பட்டது. நியாயமாக அதைக் கழிக்க வேண்டும். 2,45,000. பள்ளி வேலை நாள் 190 என்று வைத்தால் நாளுக்கு 1,290 ரூபாய் சுமார். இதைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தேன். மருமகள் சிரித்தாள். பெரியவன் சிரிக்கவில்லை. "அப்பா, வேனில் போனால் காலை ஆறேகாலுக்கு ஏற வேண்டும். மெட்ரோ வேலைக்காக எங்கே பார்த்தாலும் தடுப்பு வைத்திருக்கிறார்கள். திரும்பி வர ஐந்தரை, ஆறு ஆகிவிடும். பிள்ளையை தினம் மூன்று மணி நேரம் ரோட்டில் உட்கார வைக்கவா?" என்றான். பதில் இல்லை. அப்படியென்றால் பக்கத்துப் பள்ளியே போதுமே என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

பிப்ரவரியில் ஒருநாள், சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்தேன். பள்ளி விடுவது மூன்று இருபதுக்கு. கண் விழித்தபோது நாலே முக்கால். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். வாசலில் யாரும் இல்லை. வாட்ச்மேன் பையனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்திருந்துவிட்டு மருமகளுக்கு போன் செய்திருக்கிறார். அவள் ஆபீஸிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து அழைத்துப் போய்விட்டாள். வீட்டுக்குத் திரும்பினேன். திட்டுவாள் என்று நின்றேன். "மாத்திரையைச் சரியாகப் போட்டீர்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள். பெரியவன் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. உன் தங்கச்சி அந்த வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், அவளுக்கே இது தெரியாது. மார்ச்சில் இந்தப் பள்ளிப் பேச்சு ஆரம்பித்தது.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். அதனால் கேட்கவில்லை. கேட்காமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? போன ஞாயிற்றுக்கிழமை, கூடுவாஞ்சேரி மனையை விற்றுக்கொள்ளுங்கள் என்று நானாகவே சொல்லிவிட்டேன். அவர்கள் வாய்திறந்து கேட்கவே இல்லை. சொன்ன பிறகு ராத்திரி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு கிடந்தேன். நீ திட்டுவதற்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

இதில் வேடிக்கை, பையனுக்குப் போக ஆசை. குதிக்கிறான். நீச்சல் குளத்துக்கும் மேல்கட்டிலுக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவனுக்கு விடுதி ஆசையை ஊட்டியது நான். தூங்கவைக்கும்போது கதை கேட்பான். ராஜா ராணிக் கதையெல்லாம் ஒரு வருடத்தில் தீர்ந்துவிட்டது, அதன்பிறகு நம் விடுதிதான். டிரங்குப் பெட்டியில் எலி குட்டி போட்டது, வார்டன் குடைக்குள் நீ வைத்தது, கொய்யா மரத்து விவகாரம், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். என்னைவிட உன்னைத்தான் அவனுக்குப் பிடிக்கும். கோவளத்துப் பள்ளியைச் சுற்றிப் பார்த்தபோது என் காதோடு கேட்டான்: "முருகையா தாத்தா ஏறிக் குதித்த சுவர் மாதிரி இங்கே எங்கே இருக்கிறது?" சுவர் இருக்கிறது. பத்தடி உயரம், மூலைக்கு மூலை கேமரா.

இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். வகுப்பு ஆகஸ்டில். அதுவரை பழைய பள்ளிக்கே போய்வருகிறான்; நான்தான் அழைத்து வருகிறேன், இரண்டரை மணிக்கே போய் வாசலில் உட்கார்ந்துவிடுகிறேன். வாட்ச்மேன் சிரிக்கிறார்.

நீ அதற்குள் ஒரு நடை வந்து போ. பொதிகையில் ஏறினால் விடியற்காலையில் தாம்பரம். அங்கேயே இறங்கு, நான் வந்து நிற்கிறேன். எழும்பூர் வரை போய்விட்டு என்னைத் திட்டாதே. பெரியவனோடு நீ பேச வேண்டாம், பேசினால் சண்டையாகும். கதிரோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும். நீ சுவர் ஏறிக் குதித்துச் சினிமாவுக்குப் போனாய் என்றுதான் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நம் ஊர் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாய். கடைசி பஸ்ஸும் போன பிறகு வார்டன் வந்து கூட்டிப்போனார். அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவனிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீயே வந்து முடிவு செய்.

வரும்போது மனைப் பத்திரத்தின் நகல் உன்னிடம் இருந்தால் எடுத்து வா. மதினியை இந்தக் காலோடு ரயிலில் ஏற்றாதே, அவரிடம் நான் போனில் பேசுகிறேன். இந்தத் தடவை நிச்சயமாக.

உன்,
சங்கரன்