ஈசுவரன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும் வணக்கம்.

ஆவணியில் கும்பாபிஷேகம் ஆகி, 48 நாள் மண்டலாபிஷேகமும் நல்லபடியாக முடிந்தது. மடப்பள்ளி ஓடு, கதவு, மின்சார ஒயர் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. அதை யாரும் கேட்கவில்லை. டீக்கடை வரைக்கும் கேட்பது இரண்டே கேள்விதான்: 18 லட்சம் என்ற வேலை 22 லட்சத்து 60 ஆயிரம் ஆனது எப்படி? தையில் வைக்க வேண்டிய கும்பாபிஷேகம் ஆவணிக்குப் போனது ஏன்?

போன திருப்பணியில் விமானத்துக்கும் மேல்தளத்துக்கும் சிமெண்ட் பூசினோம். நானும்தான் கூட நின்றேன். வெடிப்பு வழியே இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, பழைய சுண்ணாம்பை மாவாக்கிவிட்டது. கருவறைச் சுவரில் உப்புப் பூத்ததை எல்லாரும் பார்த்தீர்கள். அதனால்தான் இந்த முறை சுண்ணாம்பு என்று முடிவெடுத்தோம். சிமெண்ட் இல்லாமலே கோயில் நிற்கும்: வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான்.

கான்ட்ராக்டர் முதல் வாரமே, சாண்ட் பிளாஸ்டிங், அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சி, அடித்தால் இரண்டு நாளில் கல் பளபளக்கும் என்றார். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் கல்வெட்டு எழுத்தும் சேர்ந்து போகும் என்று மறுத்தோம். பழைய கோயில்களைக் காப்பது பற்றி 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் 75 உத்தரவுகள் போட்டதையும் சொன்னோம். முகம் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். தூணில் இருந்த எனாமல் பெயிண்டைப் பெண்கள் தென்னை நார் வைத்துத் தேய்த்தே எடுத்தார்கள்.

சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, ஜவ்வாது மலைக் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்தோம். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்தது பூசக்கூடாது. "இன்னா செயலாளரே, இது காயறதுக்குள்ள நாங்க போய்ச் சேர்ந்துடுவோம் போல" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பங்குனியில் ஒரு விடியற்காலை சாரம் ஏறி, முந்தின நாள் பூச்சில் நகத்தால் கீறினேன். சுண்ணாம்பாக இருந்தால் கோடு விழும், விழவில்லை. நிறமும் சாம்பல். மடப்பள்ளிக்குப் பின்னால் ஒன்பது காலி சிமெண்ட் மூட்டை, மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தது. கான்ட்ராக்டரைக் கேட்டதற்கு, "சீக்கிரம் செட் ஆவட்டும்னு கொஞ்சூண்டு கலந்தேன்" என்றார். பூசியதைக் கொத்தி எடுக்கச் சொன்னோம். மறுநாள் சாரக் கட்டையைக்கூட விடாமல் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அவரை விரட்டியதாகச் சொல்பவர்கள் அந்த மூட்டைகளை வந்து பார்க்கலாம், எடுத்து வைத்திருக்கிறேன்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த வேறு மேஸ்திரி கிடைக்க இரண்டு மாதம் அலைந்தோம். கூடுதல் செலவு 4,60,000-இல் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், அரவைக் கூலி 2,35,000. கொத்தி எடுத்துத் திரும்பப் பூசியது 1,40,000. புதுச் சாரம், வாடகை 85,000. ரசீது எல்லாம் உண்டு.

பிரகாரத்துக்குக் கிரானைட் போடாததற்கும் வருத்தம் இருக்கிறது. முன்பு தரையை உயர்த்தியதில் அதிட்டானம், அதாவது சுவரைத் தாங்கும் கல் அடிப்பீடம், முழங்கால் அளவு புதைந்திருந்தது. மண்ணை அள்ளியதும் அதன் அடிப்பட்டையான ஜகதியில் இரண்டு வரிக் கல்வெட்டு எழுத்து வெளியே வந்தது. அதை மறுபடி புதைக்க எனக்கு மனசில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் கீழ்த்தெருப் பெண்கள் 41 பேர் ஆளுக்கு 500, பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகள், குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கும் சம்பந்தி வீட்டார், காட்பாடி ரயில்வேயில் ஓய்வு பெற்ற அண்ணன், கடுக்காய் மூட்டைக்கு வண்டி வாடகை வாங்காத டிராக்டர்காரர், தினம் ஐம்பது பேருக்குக் கூழ் ஊற்றிய மேலத்தெரு மாமி: எல்லார் பெயரும் வாசலில் மரப்பலகையில் இருக்கிறது. தூணிலும் டியூப் லைட்டிலும் பெயர் எழுத விடாததற்கு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

ஐப்பசி மழை இரண்டு பெய்தாகிவிட்டது. கருவறையில் சொட்டு விழவில்லை. மேல்தள வடிகாலில் அரசிலை அடைக்கிறது, வாரம் ஒருமுறை தள்ள இரண்டு இளவட்டம் வேண்டும். மிச்சமான கடுக்காய் ஒன்றரை மூட்டை விரிசல் பார்க்கத்தான் வைத்திருக்கிறது. மருந்துக்கென்று யாரும் அள்ளிப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு