கூலாய் பஸ் நிலையத்து அண்ணனுக்கு நன்றி

ஜொகூர் கூலாயிலிருந்து, சிங்கப்பூரின் செந்தோசா தீவில் பணக்காரர்கள் குடியிருக்கும் செந்தோசா கோவ் மாளிகைகளைப் பார்க்கக் கிளம்பிய எங்கள் தோட்டக் குடும்பங்களுக்குப் பொறுமையாக வழி சொன்ன அண்ணே, மனமார்ந்த நன்றி. பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். உங்கள் யோசனை மற்றவர்களுக்கும் உதவட்டும்.

சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பணும். இலவசம், காசு கேட்கும் தளம் அரசினுடையது அல்ல. குடிநுழைவில் பையோடு இறங்கணும், பஸ் காத்திருக்காது. சிங்கப்பூரின் கிராஞ்சி நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறி, டோபி காட் நிலையத்தில் மாறினால் ஹார்பர்ஃபிரண்ட் நிலையம். அங்கிருந்து கடல்மேல் நடைபாதையில் போனால் தீவுக்குள் நுழையக் கட்டணமில்லை. கோவ் கிழக்குக் கோடியில். தீவின் இலவச பஸ் உண்டு.

முக்கியமானது இது: வீட்டுத் தெருக்களில் காவல் உண்டு, வெளியாரை விடமாட்டார்கள். கீசைட் ஐல் கடைத்தெருப் பக்கம் போனால் படகுத்துறையைத் தாராளமாகப் பார்க்கலாம். இதைச் சொன்னதற்குத் தனி நன்றி, அண்ணே.